நாற்பது வினாடிக்காக ஓராண்டு உழைப்பு

இங்கிலாந்து நாட்டின் ஊஸ்டர்ஷயர் பகுதியில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்றொரு சிற்றூர் உண்டு. கோடைக்காலத்து விடுமுறை நாளொன்றில் அங்குள்ள குன்றின் அடிவாரத்திற்குச் செல்வோர் வியப்பான காட்சி ஒன்றைக் காண்பர். ஒருவர் தம் சிறிய காரின் பின்கதவைத் திறந்து, உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் புல்தரையில் வைத்துக் கொண்டிருப்பார். ஸ்டெப்னிச் சக்கரம், ஜாக்கி, காய்கறி வாங்கும் பை, குடை, குழந்தையின் பொம்மை ஆகிய அனைத்தும் வெளியே வரும். வெள்ளிக்கிழமை மாலை வரை அவரை அலுவலகத்திற்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கொண்டு சென்ற அதே காரில்தான், இன்னும் சிறிது நேரத்தில் அவர் குன்றின்மீது விரைந்தேறப் போகிறார். அந்த ஏற்றம் முழுவதும் ஏறக்குறைய 40 வினாடிக்குள் முடிந்துவிடும். அந்த 40 வினாடிக்காக அவர் ஓராண்டாக மாலைப் பொழுதுகளைத் தம் கார்க் கொட்டகையில் கழித்திருப்பார்.

பின்புறம் முழுவதும் ஒரே கதவாக மேல்நோக்கித் திறக்கும் இத்தகைய சிறிய காரை ‘ஹாட்ச்பேக்’ என்று அழைக்கிறோம். குடும்பத் தேவைக்கென அமைந்த இக்காரைப் பொழுதுபோக்குப் பந்தயக்காரர் ஒருவர் குன்றேற்றத்திற்கு எவ்வாறு பதப்படுத்துகிறார்? எதை முதலில் செய்கிறார்? எதை இறுதிக்கு ஒதுக்குகிறார்? பணமும் உயிரும் இந்த வரிசையைப் பொறுத்தே அமைவதால், அதனைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது.

குன்றேற்றப் பந்தயம்

வட்டப் பாதையில் பல கார்கள் ஒன்றோடொன்று மோதும் அளவிற்கு நெருங்கி ஓடும் பந்தயம் வேறு, இது வேறு. இங்கே ஒரு நேரத்தில் ஒரு காரே ஏறும். கார் புறப்படும்போது அதன் முகப்பில் பொருத்திய கறுப்புப் பட்டை ஓர் ஒளிக்கற்றையைக் குறுக்கே கடக்க, கடிகாரம் ஓடத் தொடங்கும். குன்றின் உச்சியில் மற்றோர் ஒளிக்கற்றையைக் கடக்கும்போது அது நின்றுவிடும். பச்சை விளக்கு எரிந்தவுடனே பாய வேண்டும் என்னும் கட்டாயமில்லை. மனத்தை ஒருநிலைப்படுத்தியபின் புறப்படலாம். வினாடியின் நூறில் ஒரு பங்கு வரை நேரம் கணக்கிடப்படுகிறது. பொதுவாக நாளொன்றுக்கு இரண்டு பயிற்சி ஏற்றங்களும் இரண்டு போட்டி ஏற்றங்களும் கிடைக்கும். போட்டி ஏற்றங்களில் சிறந்த நேரமே கணக்கில் சேரும்.

ஷெல்ஸ்லி வால்ஷில் முதல் பந்தயம் 1905ஆம் ஆண்டு நடைபெற்றது. மிட்லாண்ட் ஆட்டோமொபைல் கிளப் அதனை நடத்தியது. அன்று எர்னஸ்ட் இன்ஸ்டோன் என்பவர் டெய்ம்லர் காரில் 77.6 வினாடியில் ஏறி முதலிடம் பெற்றார். பொதுச் சாலைகளில் பந்தயம் நடத்துவது அந்நாட்டில் என்றுமே சிக்கலாக இருந்தது. 1925இல் கோப் ஹில் என்னுமிடத்தில் பார்வையாளர் ஒருவர் காயமுற்றபின் அத்தகைய பந்தயங்கள் முற்றிலும் நின்றன. ஷெல்ஸ்லி வால்ஷ் தனியார் நிலத்துப் பாதையாதலால் நிலைத்து நின்றது. அதன் நீளம் 1000 கஜம், அதாவது 914 மீட்டர். அதற்குள் பாதை ஏறத்தாழ 100 மீட்டர் உயர்கிறது. மிகச் செங்குத்தான இடத்தில் ஆறடிக்கு ஓரடி உயர்கிறது எனலாம். பந்தயத்திற்கெனவே செய்யப்பட்ட ஒற்றை இருக்கைக் கார்கள் இன்று இதனை 23 வினாடிக்கும் குறைவான நேரத்தில் ஏறிவிடுகின்றன. நாம் பேசவிருப்பது அவற்றைப் பற்றியன்று. பொதுச் சாலையில் ஓட உரிமம் பெற்ற சிறிய கார்களைப் பற்றியே.

குன்று கேட்கும் கணக்கு

கார் ஓட்டுநருடன் சேர்ந்து 1000 கிலோ எடையுள்ளது என்று கொள்வோம். அதனை 100 மீட்டர் உயரத்திற்குத் தூக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய 9,80,000 ஜூல் ஆற்றல் வேண்டும். உச்சியைக் கடக்கையில் காரின் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர் என்றால், அவ்வேகத்தைப் பெறத் தேவைப்பட்ட ஆற்றல் ஏறக்குறைய 5,55,000 ஜூல். எனவே, வேகத்திற்குக் கொடுக்கும் விலையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கை உயரத்திற்குக் கொடுக்கிறோம். 40 வினாடியில் ஏறுவதாயின், சராசரியாக 33 குதிரைத்திறன் உயரத்திற்கு மட்டுமே செலவாகிவிடும்.

இக்கணக்கு உணர்த்துவது யாது? எடையே குன்றேற்றத்தில் முதற்பகை. 100 குதிரைத்திறன் உள்ள காரிலிருந்து 50 கிலோவைக் குறைத்தால், எஞ்சினுக்கு 5 குதிரைத்திறனைக் கூட்டியதற்கு அது ஒப்பாகும். கூட்டிய திறன் நேர்ச்சாலையில் மட்டுமே உதவும். குறைத்த எடையோ வளைவிலும், பிரேக் பிடிக்கும்போதும் உதவும்.

பெஜோ 205 என்னும் பிரெஞ்சு நாட்டுக் காரை இங்கே சான்றாகக் கொள்ளலாம். 1983இல் வெளிவந்த இக்கார் 50 இலட்சத்திற்கும் மேலாக விற்பனையாயிற்று. அதன் ‘ஜி.டி.ஐ.’ வகை 1984இல் 1.6 லிட்டர் எஞ்சினும் 105 குதிரைத்திறனும் ஏறத்தாழ 850 கிலோ எடையும் கொண்டு வந்தது. 1988இல் வந்த ‘ராலி’ வகையின் எஞ்சினோ 1.3 லிட்டர் மட்டுமே, திறன் 103. ஆனால் ஒலித் தடுப்புப் பொருள்களும் பல வசதிகளும் நீக்கப்பட்டதால் அதன் எடை 794 கிலோவாகக் குறைந்தது. முதற்காரில் ஒவ்வொரு குதிரைத்திறனும் 8.1 கிலோவைச் சுமக்க, இரண்டாவதில் 7.7 கிலோவையே சுமக்கிறது. சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினை முந்தும் வழி இதுவே. இன்று இக்கார்கள் பழம்பொருள் சேகரிப்போரும் தேடும் அரும்பொருளாகிவிட்டமையால், புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் எளிய வேறு சிறுகார்களையே நாடுகின்றனர். ஆயினும், பதப்படுத்தும் முறை எல்லாவற்றிற்கும் ஒன்றே.

முதற்பணி: தளர்ந்தவற்றைச் சீர்செய்தல்

புதிதாக இத்துறைக்கு வருபவர் பெரும்பாலும் எஞ்சினிலிருந்தே தொடங்க விரும்புவார். பெரிய சைலன்சர், புதிய காற்று வடிகட்டி, கேம் ஷாஃப்ட் எனப் பணத்தைக் கொட்டுவார். அனுபவமுள்ளோரோ முதலில் காரின் அடியில் படுத்துப் பார்ப்பர். பல்லாண்டு ஓடிய காரில் ரப்பர் புஷ்கள் உலர்ந்து வெடித்திருக்கும். ஷாக் அப்சார்பர்கள் எண்ணெய் கசிந்து வலுவிழந்திருக்கும். சக்கரத்தின் பேரிங்குகள் ஆடும். அடித்தகட்டில் துரு ஏறியிருக்கும். இந்நிலையில் திறனைக் கூட்டுவது, ஆட்டங்கண்ட தூணின்மேல் மாடி கட்டுவதைப் போன்றதே. புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் புதிதாக மாற்றி, நான்கு சக்கரங்களின் கோணங்களையும் ஒழுங்காக்குவதாலேயே பழைய கார் பெரிதும் மாறிவிடும்.

அடுத்து வருவது பிரேக். ஏற்றத்தில் பிரேக்கிற்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஷெல்ஸ்லி வால்ஷில் கென்னல் பெண்ட், கிராசிங் என்னும் வளைவுகளைக் கடந்து முழுவேகத்தில் ‘பாட்டம் எஸ்’ வளைவை அணுகுகையில் கடுமையாகப் பிரேக் பிடித்தாக வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகின்றனர். வட்டப் பந்தயத்திற்கெனச் செய்யப்படும் கடின வகைப் பிரேக் பேடுகள் நன்கு சூடேறிய பின்னரே பிடிக்கும். குன்றேற்றத்தில் பிரேக் சூடேறுவதற்கு வாய்ப்பே இல்லை. முதன்முறை மிதிக்கும்போது அது குளிர்ந்தே இருக்கும். ஆகவே, விலை உயர்ந்த பந்தயப் பேடு வாங்கியவர் வளைவில் நிற்காமல் மேட்டில் மோத நேரிடலாம். குளிர்ந்த நிலையிலும் பிடிக்கும் தரமான பேடும், புதிதாக மாற்றிய பிரேக் ஆயிலுமே இங்கு வேண்டுவன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் கெடும் இயல்புடையது என்பதை மறத்தலாகாது.

டயருக்கும் இதே நியாயம் பொருந்தும். 40 வினாடியில் டயர் சூடேறாது. எனவே குளிரிலும் பற்றும் மென்மையான ரப்பர் தேவை. சாலைக் கார் வகுப்பில் விதிப்பட்டியல் அனுமதிக்கும் டயர்களையே பயன்படுத்தலாம். அவற்றுள் மென்மையானதைத் தேர்வர். காற்றழுத்தத்திலும் வேறுபாடு உண்டு. வட்டப் பந்தயத்தில் ஓடஓட அழுத்தம் ஏறும் என்பதால் தொடக்கத்தில் குறைத்து வைப்பர். இங்கே அவ்வாறு ஏறாது. ஆதலால் தேவையான அழுத்தத்தைத் தொடக்கத்திலேயே வைத்துவிட வேண்டும். நம்பத்தகுந்த ஒரு காற்றழுத்த மானி, பளபளக்கும் எத்தனையோ உறுப்புகளைவிட அதிகப் பயன் தரும்.

செலவில்லாத ஆதாயம்

பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறக்குறைய முக்கால் கிலோ எடையுள்ளது. 40 லிட்டர் நிறைந்த தொட்டியுடன் குன்றேறுவதற்குப் பதில் 5 லிட்டருடன் ஏறினால் 26 கிலோ குறையும். ஸ்டெப்னிச் சக்கரத்தையும் ஜாக்கியையும் மற்ற உதிரிப் பொருள்களையும் இறக்கினால் இன்னும் பல கிலோ குறையும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. கட்டப்படாத பொருள் எதுவும் காரினுள் கிடத்தலாகாது என்பது பாதுகாப்பு விதியும் ஆகும்.

ஆனால் எதை வேண்டுமானாலும் பெயர்த்தெறிந்துவிட முடியாது. சாலைக் கார் வகுப்பில் உள்ளலங்காரம் பொதுவாக அப்படியே இருத்தல் வேண்டும். தம் வகுப்பின் விதிநூலைப் படிக்குமுன் திருப்புளியைத் தொடாதவரே அறிவுடையவர். விதி தடுத்த ஓர் உறுப்பை மாற்றிவிட்டால், அந்தக் கார் பன்மடங்கு திறன் வாய்ந்த கார்கள் உள்ள வேறு வகுப்பிற்குத் தள்ளப்படும். செலவழித்த பணமே அவரைத் தோற்கச் செய்துவிடும்.

முன்சக்கரங்களின் இக்கட்டு

இத்தகைய சிறுகார்களில் பெரும்பாலானவற்றை முன்சக்கரங்களே இழுக்கின்றன. புறப்படும்போது காரின் பாரம் பின்னோக்கிச் சாயும். ஏற்றமும் அதற்குத் துணைசெய்யும். இழுக்க வேண்டிய முன்சக்கரங்களோ பாரம் குறைந்து வழுக்கிச் சுழலும். ஆக்சிலரேட்டரை மிகுதியாக மிதித்தால் புகையும் ஓசையும் எழுமேயன்றிக் கார் நகராது. எனவே கிளட்சை விடும் பக்குவத்தைப் பலமுறை பயில வேண்டும். பந்தயத்தில் முதல் 64 அடியைக் கடக்கும் நேரம் தனியே குறிக்கப்படுவதுண்டு. தம் பயிற்சி பலித்ததா என்பதை அந்த எண் ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடும்.

வளைவுகளில் மற்றோர் இக்கட்டு உண்டு. உட்புற முன்சக்கரம் பாரமிழந்து வீணே சுழல, கார் திரும்பாமல் நேரே போக முற்படும். இதனைத் தணிக்கப் பின்புறச் சஸ்பென்ஷனைச் சற்று விறைப்பாக்குவர். முன்சக்கரங்களின் மேல்முனை ஓரிரு பாகை உள்நோக்கிச் சாயுமாறு அமைப்பர். அப்போது வளைவில் கார் சாயும்போது டயரின் முகம் முழுவதும் தரையில் படியும். விதி இடங்கொடுத்தால், இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பகிரும் ‘லிமிடெட் ஸ்லிப்’ டிஃபரன்ஷியலைப் பொருத்துவர்.

காரைத் தாழ்த்தினால் நல்லது எனக் கேட்டு, அளவுக்கு மீறித் தாழ்த்துவோரும் உளர். முன்புறக் கீழ்க்கரங்கள் மேல்நோக்கி நிற்கும் அளவிற்குத் தாழ்த்தினால் கார் முன்னிலும் மிகுதியாகச் சாயும். மேடுபள்ளத்தில் ஸ்டியரிங் தானே திரும்பும். அளவிற்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இங்கும் உண்மையே.

பெஜோ 205 போன்ற கார்களின் இயல்பு ஒன்றை இவ்விடத்தில் அழுத்திக் கூறியாக வேண்டும். வளைவின் நடுவில் அஞ்சி ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்தால், பாரம் முன்னே பாயும். பின்சக்கரங்கள் பிடியிழக்க, காரின் பின்புறம் வெளியே சுழன்றுவிடும். பின்புறத்தை விறைப்பாக்கிய காரில் இவ்வாபத்து இன்னும் மிகுதி. குன்றுப் பாதையோ குறுகியது; இருபுறமும் மண்மேடும் மரங்களும் நெருங்கி நிற்கும். தவறியவர் ஓடி அடங்குவதற்கு இடமில்லை. ஆகவே, அச்சம் தோன்றுமுன்பே, வளைவிற்கு முன்னுள்ள நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவினுள் காலைச் சீராக வைத்திருக்கக் கற்க வேண்டும். ஒவ்வொரு சரிசெய்தலுக்குப் பின்னும் சில ஏற்றங்களை நிதானமாகவே ஏற வேண்டும். காரை மாற்றியவர் தம் பழக்கத்தையும் மாற்றியாக வேண்டுமன்றோ?

எஞ்சின் இறுதியிலேயே

இவையனைத்தும் முடிந்த பின்னரே எஞ்சினைப் பற்றி எண்ண வேண்டும். அப்போதும் முதற்பணி புதுமையன்று, பராமரிப்பே. ஸ்பார்க் பிளக், எண்ணெய், வடிகட்டி, வால்வு இடைவெளி, டைமிங் பெல்ட் ஆகியவற்றை ஒழுங்காக வைத்தாலே, இழந்துபோன பல குதிரைத்திறன்கள் திரும்பி வரும். டைமிங் பெல்ட் அறுந்தால், பல எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே பாழாகும்.

கேம் ஷாஃப்ட் மாற்றுவோர் ஒன்றை அறிதல் நலம். வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் பந்தய கேம் ஷாஃப்ட், எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போது மட்டுமே திறனைக் கூட்டும். குறைந்த சுழற்சியில் இழுவையைக் குறைத்துவிடும். குன்றின் கூர்வளைவிலிருந்து வெளிவரும்போது எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே இருக்கும். அப்போதுதான் இழுவை மிகவும் தேவை. காகிதத்தில் 15 குதிரைத்திறன் கூடிய காரும் குன்றில் பின்தங்குவது இதனாலேயே. தீப்பொறியை முந்தச் செய்வதிலும் அழுத்த விகிதத்தை உயர்த்துவதிலும் பேராசை கூடாது. எரிபொருள் காலந்தவறி வெடிக்கும் ‘நாக்கிங்’ ஏற்பட்டால் பிஸ்டன் உருகித் துளைபடவும் கூடும். ‘ரோலிங் ரோடு’ எனப்படும் உருளைகளின்மேல் காரை ஓட்டித் திறனை அளந்து, படிப்படியாகச் சரிசெய்வதே தக்க முறை.

கியரும் கருதத்தக்கது. ஒவ்வொரு கியர் மாற்றமும் வினாடியின் ஒரு பகுதியை விழுங்கும். உச்சிக்கோட்டிற்குச் சற்று முன்பு கியர் மாற்ற நேர்ந்தால் அது வீண். எனவே, எத்தனை மாற்றம், எந்த இடத்தில் என்பதைக் குன்றின் அமைப்பை ஒட்டியே முடிவு செய்வர்.

உயிரும் உடைமையும்

பந்தய நாளில் புறப்படுமுன் அலுவலர்கள் ஒவ்வொரு காரையும் சோதிப்பர். தலைக்கவசம், தீப்பற்றாத உடை, பாதுகாப்புப் பட்டை ஆகியவற்றைப் பார்ப்பர். எஞ்சினை நிறுத்தும் விசை எப்பக்கம் திரும்பும் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். பேட்டரியின் எர்த் கம்பிக்கு மஞ்சள் அடையாளம் வேண்டும். விபத்து நேர்ந்தால், காரை முன்பின் அறியாத ஒருவர் வந்து உடனே மின்சாரத்தை நிறுத்தவே இந்த ஏற்பாடு. ஆக்சிலரேட்டர் இணைப்புப் பழுதானாலும் காற்றுக்கதவு தானே மூடுமாறு ஸ்பிரிங் இருக்க வேண்டும். மிதித்த மிதி மீளாமல் நின்றுவிட்டால் என்னாகும் என எண்ணிப் பார்ப்போர், அந்தச் சிறு ஸ்பிரிங்கின் மதிப்பை உணர்வர்.

வீட்டுக் கணக்கிலும் ஒரு பாதுகாப்பு வேண்டும். சாதாரணச் சாலைக் காப்புறுதி பந்தயத்தில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை. காரில் செய்த மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திற்கு அறிவிக்காவிடில், சாலையில் நேரும் விபத்திற்கும் இழப்பீடு மறுக்கப்படலாம். திங்கட்கிழமை வேலைக்குச் செல்ல அதே கார்தான் வேண்டும் என்னும் குடும்பத்தில் இது சிறு செய்தியன்று. ஆகையால், எவ்வளவு செலவிடலாம் என்பதையும், கார் உடைந்தால் என்ன செய்வது என்பதையும் ஆண்டின் தொடக்கத்திலேயே கணவனும் மனைவியும் அமர்ந்து பேசி முடிவு செய்வது நல்லது.

இவ்விளையாட்டில் குடும்பத்திற்கு இடமும் உண்டு. ஒரே காரை இருவர் பகிர்ந்து ஓட்ட அனுமதி உண்டு. தந்தையும் மகளும், கணவனும் மனைவியும் மாறிமாறி ஒரே காரில் ஏறுவதைக் காணலாம். ஒருவர் ஓட்ட, மற்றவர் டயர் அழுத்தத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார். அந்தக் குறிப்பேடு மிக முக்கியமானது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். அதனையும், அன்றைய வானிலையையும், 64 அடி நேரத்தையும், முழு நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும். மூன்று மாற்றங்களை ஒருங்கே செய்தவருக்கு, எது உதவிற்று, எது கெடுத்தது என்பது ஒருபோதும் விளங்காது.

மாலையில் முடிவுகள் அறிவிக்கப்படும். பரிசு பெறுவோர் சிலரே. மற்றவர்கள் தம் குறிப்பேட்டைத் திறந்து, சென்ற ஆண்டில் இதே குன்றில் தாம் எடுத்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். அரை வினாடி குறைந்திருப்பின் அவர்கள் முகம் மலரும். அந்த அரை வினாடி பெரும்பாலும் புதிதாக வாங்கிய ஒன்றிலிருந்து வந்திராது. மாற்றிய புஷ்ஷிலும், இறக்கிய எடையிலும், சரியான டயர் அழுத்தத்திலும், பழகிய காலிலுமிருந்தே வந்திருக்கும். பின்னர் ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் குழந்தையின் பொம்மையையும் மீண்டும் காரில் ஏற்றிக்கொண்டு, மற்றவர்களைப் போலவே மெதுவாக வீடு திரும்புவர். கார் முழுமையாகவும் குடும்பம் நலமாகவும் வீடு சேர்ந்த அந்த நாளையே அவர்கள் வெற்றி நாளாகக் கருதுகின்றனர். அது பொருத்தமே என்று நாமும் கருதுகிறோம்.